பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் நாடகம் நின்றுவிடுகிறது

கேள்வி: நான் கிட்டார் வாசிப்பவன், பத்து ஆண்டுகளாக ஒரு சிறிய இசைக்குழுவுக்குப் பாட்டு எழுதி வருகிறேன். இப்போது ஒரு நாடகக் குழு தன்னுடைய இசை நாடகத்துக்குப் பாடல்கள் கேட்டிருக்கிறது. ஆற்றின் குறுக்கே பாலம் வரப்போவதால் பிழைப்பை இழக்கும் ஓடக்காரர் குடும்பத்தின் கதை அது; இரண்டு அங்கம். அப்பாவும் அம்மாவும் நாட்டுப்பாடல் பாணியிலும், ஊரை விட்டுப் போக நினைக்கும் மகள் ராக் பாணியிலும் பாட வேண்டும் என்பது இயக்குநரின் எண்ணம். ஒன்பது பாடல்கள் எழுதிவிட்டேன். தனியாகக் கேட்டவர்கள் பாராட்டுகிறார்கள். ஒத்திகையில் வைத்தாலோ, “பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் அது வந்ததும் நாடகம் நின்றுவிடுகிறது” என்கிறார் இயக்குநர். இரண்டு நாடகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது போல இருக்கிறது, ராக் பாடல்களில் சொற்கள் காதில் விழவில்லை என்று நடிகர்களும் சொல்கிறார்கள். நான் எதைத் திருத்துவது? கடைசிப் பாட்டு எந்தப் பாணியில் இருக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பியிருந்த ஒன்பது பாடல்களின் வரிகளைப் படித்தேன். மூன்று ஒலிப்பதிவுகளையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். உங்கள் இயக்குநர் சொல்வது சரி. உங்களைப் பாராட்டியவர்கள் சொல்வதும் சரி. இசைக்குழுவுக்கு எழுதும் பாட்டு, கேட்பவரை ஒரு மனநிலைக்குள் அழைத்துப்போய் மூன்று நான்கு நிமிடம் அங்கேயே உட்காரவைத்தால் போதும், அதன் வேலை முடிந்தது. மேடைப் பாட்டுக்கு அது போதாது. பாடத் தொடங்கியபோது இருந்த இடத்தில் பாத்திரம் பாடி முடிக்கும்போது இருக்கக் கூடாது. ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும், அல்லது எடுத்த முடிவு ஆட்டம் கண்டிருக்க வேண்டும், அல்லது எதிரில் நிற்பவருக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பவை பெரும்பாலும் இசைக்குழுப் பாட்டுகள்.

நான்காவது பாடலை எடுத்துக்கொள்வோம். மகள் தனியாகப் படகுத்துறையில் நிற்கிறாள். அறிமுக இசை 16 பார் போகிறது. நீங்கள் குறித்திருக்கும் டெம்போ, அதாவது வேகம், நிமிடத்துக்கு 120 அடி. நான்கு அடி கொண்ட ஒரு பாருக்கு இரண்டு நொடி என்று கணக்கிட்டால், 32 நொடி அந்தப் பெண் வாயைத் திறக்காமல் நிற்கிறாள். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு 32 நொடி சும்மா நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்பது தெரியும். பிறகு பல்லவி வருகிறது: “நான் போகிறேன், திரும்பிப் பார்க்க மாட்டேன்.” முதல் சரணத்துக்கு முன்பே முடிவைச் சொல்லிவிட்டாள். இனி அவள் பாடப்போகும் இரண்டு சரணங்களும் அந்த முடிவுக்கான காரணங்களின் பட்டியல்தான். பல்லவி மூன்று முறையும் எழுத்து மாறாமல் வருகிறது. இயக்குநர் நாடகம் நிற்கிறது என்று சொல்வது இந்த இடத்தில்தான்.

மெட்டை மாற்ற வேண்டாம். மெட்டு வலுவாக இருக்கிறது. வினைச்சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் முறை “நான் போனால்…” என்று வரட்டும், பாதியில் தொங்கட்டும். இரண்டாவது முறை “நான் போகட்டுமா?” என்று வரட்டும், துறையில் அவளைத் தவிர யாரும் இல்லை, ஆகவே அவள் கேட்பது ஆற்றையோ அவளையேயோதான். மூன்றாவது முறைதான் “நான் போகிறேன்.” “போ” என்ற அந்த நெடில் மூன்று முறையும் அதே உச்ச சுரத்தில் விழும், அதற்குப் பின்னால் வரும் அசைகள் மட்டும் கூடிக் குறையும், டிரம்ஸ் வாசிப்பவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ராக் பல்லவியின் பலம் அது திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. மேடையில் அதன் ஆபத்தும் அதுவே. திரும்பி வரும் வரி ஒவ்வொரு முறையும் வேறொரு வாசல் வழியாக வர வேண்டும்.

நாட்டுப்பாடலில் இந்த வேலையை மரபே செய்து வைத்திருக்கிறது. ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் தொகுப்பில் 305 பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கட்டுமானம் ஒரே மெட்டு, ஏறக்குறைய ஒரே சரணம், ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு சொல் மட்டும் மாற்றம் என்பதுதான். அந்த ஒன்றிரண்டு சொல்லில்தான் கொலையும் நடக்கும், கல்யாணமும் நடக்கும். உங்கள் ஆறாவது பாடலில் அம்மா ஐந்து சரணங்களில் ஆற்றை வருணிக்கிறாள். அழகான வருணனை, ஐயமில்லை. ஆனால் ஐந்தில் எந்த மூன்றை வெட்டினாலும் நாடகத்துக்கு எந்தக் குறையும் வராது. வெட்டினால் தெரியாத சரணம் வெட்டப்பட வேண்டிய சரணம். அதற்குப் பதிலாக அம்மாவின் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். படகைக் கட்டும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பாடுகிறாள் என்று வைத்துக்கொண்டால், பாட்டு இப்படித் தொடங்கலாம்:

ஓடம் கட்டுன கயிறு எங்கே?
அப்பன் கையிலே.
அப்பன் நின்ன துறை எங்கே?
ஆத்து மணலிலே.

முதல் அங்கத்தில் இது வெறும் வேலைப் பாட்டு. யாரும் பெரிதாகக் கவனிக்கப்போவதில்லை, கவனிக்கவும் வேண்டாம். பாலம் திறந்து, படகு கரையேறிய பிறகு அதே கேள்வி வரும்போது பதில் “ஆணி மேலே” என்று மாறட்டும். கயிறு சுவரில் தொங்குகிறது, அவ்வளவுதான். அப்பாவின் தோல்வியைப் பற்றி இரண்டு பக்கம் வசனம் எழுதினாலும் இந்த இரண்டு சொல் செய்வதைச் செய்யாது. கடைசியில் இன்னொரு மாற்றம் பாக்கியிருக்கிறது, அதைக் கடிதத்தின் முடிவில் சொல்கிறேன்.

இனி, இரண்டு பாணிகள் ஒட்டவில்லை என்ற குறை. நீங்கள் பாணியைப் பாத்திரங்களுக்குச் சீருடை போல மாட்டியிருக்கிறீர்கள்: வயதானவர்களுக்கு நாட்டுப்பாடல், இளையவளுக்கு ராக். இயக்குநரின் எண்ணம் அப்படி இருந்தாலும், எழுதுபவர் அதைவிட ஆழமான ஒரு விதியைக் கண்டுபிடித்தாக வேண்டும். நான் எந்த நாடகத்துக்கு எழுதினாலும் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ஒரே கேள்வியை எழுதி வைப்பேன்: இந்தப் பாட்டு நாடகத்துக்குள் யார் காதில் விழுகிறது?

இதற்கு விடை இரண்டு வகைதான். ஒன்று, பாத்திரம் உண்மையிலேயே பாடுகிறது, பக்கத்தில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். 2012-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு வந்த ‘ஒன்ஸ்’ நாடகத்தில் பாத்திரங்களே பாட்டுக்காரர்கள். நடிகர்களே மேடையில் கிட்டாரும் வயலினும் வாசித்து இசைக்குழுவாகவும் இருந்தார்கள். அங்கே நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டு அந்த உலகத்துப் பொருள்களில் ஒன்று, ஒரு நாற்காலியைப் போல. மற்றொன்று, பாட்டு பாத்திரத்தின் மனத்துக்குள் ஓடுவது, சபைக்கு மட்டுமே கேட்பது. ஃபிராங்க் வேடேகிண்ட் 1891-இல் வெளியிட்ட ஜெர்மன் நாடகத்தை வைத்து உருவாகி 2006-இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ இதை அப்பட்டமாகச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடுப்பில் இருக்கும் பிள்ளைகள் சட்டைக்குள்ளிருந்து மைக்கை எடுத்து ராக் பாடினார்கள். அந்தப் பெற்றோருக்கோ ஆசிரியர்களுக்கோ அந்தப் பாட்டு கேட்காது என்பதைச் சபை உடனே புரிந்துகொண்டது. ஆகவே காலம் பொருந்தவில்லை என்ற உறுத்தல் எழவில்லை.

உங்கள் நாடகத்துக்கு இந்த இரண்டும் வேண்டும். நாட்டுப்பாடல்கள் எல்லோர் காதிலும் விழட்டும். துறையில், வேலையின்போது, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் பாட்டுகளாக அவை இருக்கட்டும். ராக் பாடல்கள் அந்த ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியாதவையாக, சபைக்கு மட்டும் கேட்பவையாக இருக்கட்டும். அப்படியானால் மகள் வேலையிடத்தில் நாட்டுப்பாடலும் பாடுவாள். அப்பாவுக்கும் ஒரு ராக் பாட்டு கிடைக்கும். பாலத்தின் தூண்களை அவர் தனியாக எண்ணிப் பார்க்கும் காட்சியில் நீங்கள் ஒப்பாரிச் சாயலில் எழுதியிருப்பதை எடுத்துவிட்டு, அந்தச் சாந்தமான மனிதருக்குள் இருக்கும் இரைச்சலைச் சபைக்குக் காட்டுங்கள். பாணி வயதைக் குறிப்பதை விட்டுவிட்டு, சொல்ல முடிந்ததையும் சொல்ல முடியாததையும் குறிக்கத் தொடங்கும். விதி நிலைபெற்ற பிறகு, இரண்டாம் அங்கத்தில் ஒரே ஒரு முறை அதை உடையுங்கள்: மகள் பாடிக்கொண்டிருக்கும்போது அம்மா திரும்பிப் பார்க்கிறாள். அவள் காதில் விழுந்துவிட்டது. இசைக்குழு நிற்கிறது. அந்த ஒரு கணத்துக்காகவே உங்கள் ஒன்பது பாட்டும் காத்திருந்தது போல இருக்கும். ஆனால் இரண்டு முறை உடைத்தால் விதியே இல்லாமல் போய்விடும்.

இசையளவில் ஒட்டவைப்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது, ஏனென்றால் இந்த இரண்டு பாணிகளும் ஒரே சுருதிப் பெட்டியின் மேல்தான் நிற்கின்றன. ராக் கிட்டாரின் பவர் கார்டு என்ற சுரக்கூட்டில் ஷட்ஜமும் பஞ்சமமும்தான் உண்டு, காந்தாரம் கிடையாது. டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பைப் போட்டு வாசிக்கும்போது காந்தாரம் சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். எஞ்சுவது ச–ப மட்டுமே, அதாவது தம்புரா தரும் அதே அடித்தளம். அதன் மேல் எந்த நாட்டு மெட்டும் உட்காரும். உங்கள் ஆறாவது பாடலின் பதிவில் உறுத்துவது வேறொன்று. அம்மாவின் மெட்டு டி-யைச் சுருதியாகக் கொண்டு கைசிகி நிஷாதத்தை, அதாவது தாழ்ந்த நி-யைத் தொடுகிறது, மேற்கத்தியப் பெயரில் சி. நம் கணக்கில் ஹரிகாம்போதி ராகத்தின் சாயல். நீங்களோ அந்த இடத்தில் ஏ மேஜர் கார்டு போடுகிறீர்கள், அதற்குள் சி ஷார்ப் இருக்கிறது. குரலும் கிட்டாரும் அரைச்சுர இடைவெளியில் மோதிக்கொள்கின்றன. நடிகை சுருதி சேரவில்லை என்று பழி சுமக்கிறார். ஏ மேஜருக்குப் பதிலாக சி மேஜரோ ஏ மைனரோ போட்டுப் பாருங்கள். டி, சி, ஜி என்ற வரிசை உங்களைப் போன்ற ராக் கிட்டார்க்காரருக்கு விரல் தானாகப் போகும் வழி. மேற்கத்திய நாட்டுப்பாடலும் ராக்கும் பல காலமாகச் சந்தித்துக்கொள்ளும் இடம் இந்தக் கைசிகி நிஷாதம்தான்.

அதே மெட்டின் முதல் வரியில் உள்ள நான்கு சுரங்களை எடுத்து, பாதி நேரத்தில் வாசித்து, மகளின் நான்காவது பாட்டுக்கு ரிஃப்பாக, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்காக வையுங்கள் என்பது என் யோசனை. சபையில் நூற்றில் இரண்டு பேர் கண்டுபிடிக்கலாம். மற்றவர்களுக்கு, இவள் எதிலிருந்து ஓடுகிறாளோ அதன் சுரங்களிலேயே ஓடுகிறாள் என்பது காரணம் தெரியாமல் உறைக்கும்.

சொற்கள் காதில் விழாததற்கு ஒலிபெருக்கியை மட்டும் குறை சொல்ல முடியாது. பாதித் தவறு எழுத்தில் இருக்கிறது. உங்கள் ஏழாவது பாட்டில் “என்னை விடு” என்ற வரியில் “வி” என்ற குறிலை மூன்று அடிக்கு நீட்டியிருக்கிறீர்கள். கேட்பவர் காதில் அது “என்னை வீடு” என்று விழுகிறது. வீட்டை விட்டுப் போகத் துடிக்கும் பெண் வீட்டைக் கூப்பிடுவது போல ஆகிவிட்டது! மனம் நீண்டால் மானம், படு நீண்டால் பாடு. குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும் மொழியில் நீண்ட சுரத்துக்கு நெடில்தான் பொருந்தும். அதே பாட்டில் “மறக்க” என்று பாடி, ஒரு பார் இடைவெளி விட்டு, “வில்லை” என்று முடிக்கிறீர்கள். இடையில் அந்த இரண்டு நொடிக்குச் சபை அவள் மறக்க நினைப்பதாக எடுத்துக்கொள்கிறது. வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வரும் மொழி இது. வரியின் முதல் பாதியில் கத்தி, கடைசிச் சொல்லை டிரம்ஸுக்குள் விழவிடும் ராக் பழக்கம் இங்கே பொருளையே விழுங்கிவிடும். தத்தகாரம் (தன-தான என்ற சந்தம்) வைத்து மெட்டுக்கு எழுதும்போது வரியின் கடைசி அசையில்தான் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, உங்களிடம் வல்லினம் சும்மா கிடக்கிறது. கட்டு, தட்டு, முட்டு, பற்று என்று ஒற்று இரட்டிக்கும் சொற்கள் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஸ்நேர் டிரம்மோடு சேர்ந்து விழுந்தால், சத்தம் கூட்டாமலேயே பாட்டுக்குக் கடுமை வரும். மகளின் பாடல்களில் நீங்கள் வைத்திருக்கும் சிறகு, வானம், விடுதலை ஆகியவை மென்மையான சொற்கள். அதைவிட, யார் வேண்டுமானாலும் எந்த நாடகத்திலும் பாடக்கூடிய சொற்கள். அந்தத் துறையில் துடுப்பு இருக்கிறது, பலகை இருக்கிறது, முளைக்கம்பு இருக்கிறது, பாலத்தின் இரும்பு இருக்கிறது. அவள் கண்ணில் படுவது அதுதானே?

ஒலி விஷயத்துக்கு வருவோம். பேச்சில் மெய்யெழுத்துகளைத் தெளிவாகப் பிரித்துக்காட்டும் ஒலிகளில் பெரும்பகுதி 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரும் அங்கேதான் வந்து உட்காருகிறது. ஒலி அமைப்பாளர் மைக்கை ஏற்றினால் கிட்டாரும் அந்த மைக்குக்குள் சேர்ந்து ஏறும். ஆகவே பாட்டு இருக்கும்போது கிட்டார் ஒதுங்கவும், வரி முடிந்ததும் கிட்டார் பாயவும் எழுதுங்கள். வேலைப் பாட்டில் ஒருவர் பாட, கூட்டம் பதில் சொல்கிறதல்லவா, மகளின் பாட்டில் அந்தக் கூட்டமாகக் கிட்டார் இருக்கட்டும். இந்த ஓர் ஏற்பாட்டால் சொல்லும் புரியும், இரண்டு பாணிகளின் உறவும் தெரியும்.

பாட்டுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் இசைக்குழுவில் உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. வசனத்தின் அடியில் இரண்டு பார் அல்லது நான்கு பார் சுற்றிச் சுற்றி வரும் இசையை வையுங்கள். நடிகர் குறித்த சொல்லைச் சொன்னதும் குழு அதிலிருந்து வெளியேறிப் பாட்டுக்குள் போகட்டும். அந்தச் சுற்றிலிருந்து எந்தப் பாரின் முடிவிலும் வெளியேற முடிய வேண்டும். இரண்டாவது பாரில் மட்டுமே வெளியேறலாம் என்று எழுதினால், நடிகர் ஒருநாள் இருமினாலும் எல்லாம் சரியும். முடிவைப் பொறுத்தவரை, உங்கள் மூன்று பதிவுகளிலும் ஒலி மெல்லத் தேய்ந்து மறைகிறது. நானும் என் முதல் நாடகத்தில் அப்படி ஒரு பாட்டை ஒலிப்பதிவில் முடித்து, மேடையில் அதையே செய்யச் சொன்னேன். குழு மெல்ல மெல்ல ஒலியைக் குறைத்தது. சபை மைக் கெட்டுப்போனதாக நினைத்துப் பின்னால் திரும்பி ஒலி மேசையைப் பார்த்தது. நடிகை ஒரு கையைத் தூக்கியபடி கைத்தட்டலுக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் நின்றார். மறுநாள் காலை உட்கார்ந்து ஒரு முடிவு எழுதினேன். பாட்டு எங்கே முடிகிறது என்பதைச் சபைக்குக் கடைசி அடி சொல்ல வேண்டும். கைத்தட்டல் வேண்டாத இடத்தில் அந்தக் கடைசி அடியை வேண்டுமென்றே கொடுக்காமல், இசையை அடுத்த காட்சிக்குள் ஓடவிட வேண்டும்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் உச்ச சுரம் நான்காவது பாட்டில் பதினொரு முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். நீங்கள் இரவுக்கு ஒருமுறை பாடி, மறுவாரம் பாடுபவர். அந்த நடிகை ஒத்திகையையும் சேர்த்து வாரம் முழுக்கப் பாட வேண்டியவர். அந்தச் சுரத்தை மூன்று பல்லவிகளுக்கும், கடைசியில் ஒரு முறைக்கும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் கீழே இறக்குங்கள். கிட்டாருக்கு வசதி என்பதற்காக ஈ-யில் வைத்திருக்கும் பாட்டு அவருக்குச் சி-யில்தான் பொருந்துகிறது என்றால், கிட்டாரின் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்தும் கவ்வி) மாட்டி ஏ-யின் விரல் வடிவில் வாசிக்கலாம். திறந்த தந்திகளின் ஓசை பெரும்பாலும் கெடாது.

எட்டாவது பாட்டின் மெட்டு மரபு மெட்டு என்று குறித்திருக்கிறீர்கள். மரபு மெட்டு பொதுச் சொத்துதான், ஆனால் நீங்கள் அதை ஓர் ஒலிப்பதிவிலிருந்து கற்றிருந்தால், அந்தப் பதிவில் சேர்க்கப்பட்ட இசையமைப்பும் வரிகளும் இன்னொருவருடையதாக இருக்கலாம். சுவரொட்டி அச்சாகும் முன்பே விசாரித்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனை திருத்தமா என்று மலைக்க வேண்டாம். அனாயிஸ் மிட்செல் எழுதிய ‘ஹேட்ஸ்டவுன்’ 2006-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிறிய முயற்சியாகத் தொடங்கி, 2010-இல் ஒலித்தட்டாக வந்து, 2019-இல்தான் பிராட்வேயை அடைந்தது. ஒலித்தட்டில் நின்ற பாடல்களுக்கே மேடைக்காக மீண்டும் வேலை தேவைப்பட்டது. உங்களுக்கு இயக்குநர் கொடுத்திருக்கும் நான்கு மாதத்தில் நான்காவது, ஆறாவது, ஏழாவது பாடல்களை மட்டும் திருத்தி, இசைக்குழு இல்லாமல் ஒற்றைக் கிட்டாரோடு ஒத்திகையில் வையுங்கள். மற்ற ஆறையும் எப்படித் திருத்துவது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசிப் பாட்டு எந்தப் பாணியில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஒன்பதாவது பாட்டில் எல்லோரும் சேர்ந்து, முழு இசைக்குழுவோடு, பாலத்தின் மேல் நின்று பாடுகிறார்கள். அதை நான் எடுத்துவிடுவேன். மகள் பையோடு கிளம்புகிறாள், சுவரருகில் நிற்கிறாள், ஆணியிலிருந்து கயிற்றை எடுக்கிறாள். அம்மா உள்ளேயிருந்து, மேடையில் தெரியாமல், வாத்தியம் எதுவும் இல்லாமல் கேட்கிறாள்: “ஓடம் கட்டுன கயிறு எங்கே?” மகள் பதிலைப் பாட வேண்டுமா, பேச வேண்டுமா என்பதை நடிகையிடம் விட்டுவிடுங்கள். வரி இதுதான்: “என் கையிலே.” பிறகு கிட்டாரில் ஒரு பவர் கார்டு, டிஸ்டார்ஷன் இல்லாமல், ச–ப மட்டும், அது தானாக ஓயும்வரை.